றொசல்ல இறக்கம்

தம்பி,

கல்யாணப் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்த கையைக் கழுவிவிட்டு அம்மா இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ மாற்றலாகிக் கொழும்புக்குப் போனதிலிருந்து நாம் போனில்தான் பேசுகிறோம். மண்டபம் சரியா, சமையலுக்கு ஆள் சொல்லியாயிற்றா, மழை எப்படி என்று நீ கேட்பாய். நான் பதில் சொல்வேன். பிறகு வைத்துவிடுவோம். வகுப்பில் நாள் முழுக்கப் பேசுகிற எனக்கு, உன்னிடம் பேசவேண்டியதை மட்டும் பேச வாய் வருவதில்லை. எழுதினால் வரும் என்று நினைக்கிறேன். இதை நீ மட்டும்தான் படிக்கவேண்டும் என்றில்லை. உனக்கு மனைவியாக வரப்போகிறவள், மைதிலியும் படிக்கட்டும். அவளுடைய அப்பா அம்மாவுக்குக் காட்டத் தோன்றினால் அவர்களுக்கும் காட்டு. அன்றைக்கு அவர்களும் அங்கே நின்றவர்கள்தானே.

அன்றைக்கு என்று நான் சொல்வது, சித்திரைப் புத்தாண்டுக்கு ஹட்டன் டவுனில் வைத்த ஓட்டப் போட்டி நாள். இரண்டு வருடத்துக்கு மேலாகிவிட்டது. உன் நிச்சயதார்த்தத்துக்கு எல்லாரும் கூடியிருந்தபோதுகூட, போட்டி என்ற பேச்சு வந்தால் நீ எழுந்து வெளியே போனாய், நான் அடுப்படிக்குப் போனேன். இனி நீ வேறு வீட்டில் குடும்பம் நடத்தப் போகிறாய். இதை இப்படியே விட்டு உன்னை அனுப்ப எனக்கு மனமில்லை.

நான் ஓடத் தொடங்கிய கதை உனக்குத் தெரியும், மைதிலிக்குத் தெரியாது. உன் அப்பா செத்துப்போய் இரண்டாம் வருடம் எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். காலையில் நடக்கச் சொன்னார். விடியும் முன்னே சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, தேயிலைத் தோட்டத்து ரோட்டில் பெக்டரி வரை போய்த் திரும்புவேன். ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு ஓடி வந்தேன். வந்து வாசலில் நின்றபோது எனக்குக் களைப்பே இல்லை. இன்னொரு தடவை ஓடலாம் போல இருந்தது. நாற்பத்தேழு வயதில், பிள்ளை பெற்று வளர்த்து, புருஷனையும் அடக்கம் செய்த பிறகு, என் உடம்பில் எனக்கே தெரியாமல் இப்படி ஒரு சந்தோஷம் மிச்சமிருந்ததை நினைத்து அன்று தனியாகச் சிரித்தேன். அதிலிருந்து பனி மூட்டம் கலைவதற்கு முன் ஓடிவிட்டு வந்துவிடுவேன். கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் பேர் பதியப் பெரட்டுக்கு வருவதற்குள் வீட்டுக்குள் இருக்கவேண்டும் என்பது என் கணக்கு. டீச்சர் ரோட்டில் ஓடுகிறாள் என்று யாரும் பேசிவிடக் கூடாது. என்னைப் பார்த்தவர் ஒருவர்தான். சந்திக் கடை பியசேன முதலாளி. அறுபதைத் தாண்டிய மனிதர், அவரும் அந்த நேரத்தில்தான் ஓடுவார். ஒருவரையொருவர் கடக்கும்போது கையைத் தூக்குவோம், அவ்வளவுதான்.

நீதான் கண்டுபிடித்தாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பின்னாலேயே வந்து, எனக்கு ஓடத் தெரியவில்லை என்றாய். எடுத்த எடுப்பில் பாய்கிறேனாம், பிறகு நாக்குத் தள்ளுகிறதாம். அடுத்த சம்பளத்தில் சப்பாத்து வாங்கி வந்தாய், சல்வார் தைக்கக் கொடுக்க வைத்தாய். ஒவ்வொரு ஞாயிறும் என் பக்கத்திலேயே ஓடி வருவாய். வாய்பாடு சொல்லிக்கொண்டே ஓடச் சொன்னாய். ஏழாம் வாய்பாட்டைத் தடங்கலில்லாமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி, பாதியில் மூச்சு வாங்கினால் குறைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்ததை எனக்கே நீ திருப்பிச் சொல்லிக்கொடுத்தாய். அந்த ஞாயிறுகள்தான், தம்பி, உன்னை வளர்த்த காலத்தில் எனக்குக் கிடைக்காத நேரம். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் உன்னோடு இப்படி ஓடியதில்லை. படி, எழுது, நேராக நட என்று விரட்டிக்கொண்டேதான் இருந்தேன்.

வடக்கில் சண்டை நின்றிருந்த காலம் அது. டவுன் கடைக்காரர்கள் சேர்ந்து புத்தாண்டுப் போட்டியைப் பெரிதாக வைத்தார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து அடுத்த ரயில் ஸ்டேஷன் இருக்கிற றொசல்ல வரை இறங்கிப்போய், திரும்பி ஏறி வரவேண்டும். நீ என் பேரைக் கொடுத்துவிட்டு வந்துதான் சொன்னாய். வேண்டாம் என்றேன், ஆனால் உள்ளுக்குள் ஆசை. நீ திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். போகும்போது இறக்கம், கால் தானாகப் போகும், அதை நம்பாதீங்க. வரும்போது ஏற்றம் முழுக்கக் காத்துக்கொண்டிருக்கும். போகும்போது எல்லாரும் தாண்டிப் போகட்டும், வாய்பாட்டை விடாதீங்க. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

போட்டிக்கு முதல் நாள் சாயந்தரம் நீ இன்னொன்றையும் சொன்னாய். உன் கந்தோரில் வேலை செய்கிற ஒரு பிள்ளையை உனக்குப் பிடித்திருக்கிறது, யாழ்ப்பாணத்துக் குடும்பம், வெகு காலமாக ஹட்டனில்தான் இருக்கிறார்கள், அப்பா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து பென்ஷன் எடுத்தவர், நாளைக்கு மூன்று பேரும் போட்டி பார்க்க வருகிறார்கள், உங்களைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்றாய். எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். நான் சிரித்தேன். ஆனால் இரவெல்லாம் எனக்குத் தூக்கமில்லை. அவர்களை முதன்முதலாகப் பார்க்கும்போது கட்டவேண்டிய சேலை என் பெட்டியில் இருந்தது. தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து லயத்தில் வாழ்க்கைப்பட்ட பெண், ஆனாலும் மரியாதையான டீச்சர் என்று அவர்கள் நினைக்கும்படி நான் பேசவேண்டிய பேச்செல்லாம் மனதில் இருந்தது. நெஞ்சில் நம்பர் குத்திக்கொண்டு, சல்வாரோடு, வேர்த்து ஒழுகிக்கொண்டு நிற்பது அதில் இல்லை.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் ஓடுகிறவர்களோடு நின்றேன். ஸ்பீக்கர் சத்தம், சனக்கூட்டம். நீ எதிர்ப்பக்கத்துக் கடை வாசலில் நின்று கையைக் காட்டினாய். உன் பக்கத்தில் குடையோடு ஒரு பெரியவர், காஞ்சிபுரம் கட்டிய ஒரு அம்மா, மைதிலி. அந்த அம்மா என்னை மேலிருந்து கீழே பார்த்தது போல இருந்தது. உண்மையில் பார்த்தார்களோ என்னவோ, எனக்குத் தெரியாது. விசில் ஊதியதும் எனக்கு ஒரே எண்ணம்தான். இவர்கள் கண்ணுக்கு மறைந்துவிட வேண்டும். வாய்பாடாவது ஒன்றாவது. பையன்களோடு பையன்களாகப் பாய்ந்தேன். டவுன் வளைவைத் தாண்டியும் நிற்கவில்லை. கால் தானாகப் போயிற்று. என்னைவிட இருபது வயது குறைந்தவர்களைத் தாண்டிப் போனேன். வழியில் என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் டீச்சர் டீச்சர் என்று கத்தினார்கள். அதைக் கேட்டு இன்னும் வேகம் எடுத்தேன். பியசேன முதலாளியைத் தாண்டும்போது அவர், மெல்ல, மெல்ல என்று தமிழில் சொன்னது காதில் விழுந்தது. றொசல்ல வந்து திரும்பியபோது பெண்களில் நான்தான் முன்னால் என்று ஒருவர் சொன்னார். கொஞ்ச நேரம் நானும் அதை நம்பினேன்.

ஏற்றத்தில் முதல் வளைவிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. தொடை இரண்டும் கல்லாகிவிட்டது. விலாவில் குத்து. இறக்கத்தில் நான் தாண்டிப் போனவர்கள் ஒவ்வொருவராக இப்போது என்னைத் தாண்டிப் போனார்கள். சிலர் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகிற ஒரு போக்கு ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அப்புறம் அதுவும் முடியவில்லை. அப்போது மேல் வளைவில் நீ வந்தாய். தண்ணீர் போத்தலோடு, என்னைத் தேடிக்கொண்டு, கீழே இறங்கி வந்துகொண்டிருந்தாய். நீ என்னைப் பார்க்கவில்லை என்று நினைத்தேன். ரோட்டை விட்டு இறங்கி, ஓரத்துத் தண்ணீர்க் கானைத் தாண்டி, தேயிலைக்குள் போய்க் குந்திக்கொண்டேன்.

இதை எழுதும்போது இப்போதும் முகம் எரிகிறது. ஐம்பது வயதைத் தொடப்போகிற ஒரு ஆசிரியை, பெற்ற மகனைக் கண்டு செடிக்குள் ஒளிந்தாள். நீ என் சல்வார் நிறத்தைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாய். ரோட்டில் கொஞ்ச நேரம் நின்றாய். பிறகு செடிகளை விலக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாய். அடிபட்டுவிட்டதா என்று கேட்டாய். இல்லை என்றேன். தண்ணீரை நீட்டினாய். வாங்கவில்லை. அவங்க இன்னும் அங்கேதான் நிற்கிறாங்களா என்று கேட்டேன். நிற்கிறாங்க, உங்களுக்காகத்தான் என்றாய். இந்தக் கோலத்தில் அவர்கள் முன்னால் வரமாட்டேன், நீ போய் ஏதாவது சொல்லி அனுப்பிவிடு என்றேன். அப்போதுதான் நீ அதைச் சொன்னாய்.

"என்னா சொல்லணும்மா? காய்ச்சல்னு சொல்லிறவா?"

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாய். மைதிலிக்கு இது விளங்காது, அதனால் அவளுக்காக எழுதுகிறேன். நீ எட்டாம் வகுப்பில் டவுன் பள்ளிக்கூடத்தில் படித்தபோது இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டியில் ஓட்டத்துக்கு உன்னைத் தெரிந்தெடுத்தார்கள். வீட்டுக்கு ஓடி வந்து சொன்னாய். உன்னிடம் சப்பாத்து இல்லை. அந்த மாதம் வாங்க வழியும் இல்லை. எனக்கு அப்போதுதான் ஆசிரிய நியமனம் கிடைத்திருந்தது. டவுன் ஆசிரியர்கள் எல்லாரும் வரும் இடத்தில் என் பிள்ளை வெறுங்காலோடு ஓடுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. உன் அப்பா அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "வெறுங்காலோட ஓடட்டுமே, என்னா இப்ப? நம்ம மலையில எந்தச் சப்பாத்தப் போட்டு ஓடுறான்?" என்றார். நான் கேட்கவில்லை. அன்று காலையில் உன்னைப் படுக்கவைத்துப் போர்த்திவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். உனக்குக் காய்ச்சல் இல்லை. நீ போர்வைக்குள் அசையாமல் கிடந்தாய். அந்தப் போட்டியில் பாதிப் பிள்ளைகள் வெறுங்காலோடுதான் ஓடினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. அதன் பிறகு நீ பள்ளிக்கூடத்தில் ஓடவேயில்லை. எத்தனை பேர் கூப்பிட்டும் போகவில்லை. அந்தப் பிள்ளைதான் வளர்ந்து, முதல் முதலாகச் சப்பாத்து வாங்கியபோது தனக்கு வாங்காமல் எனக்கு வாங்கினான்.

தேயிலைக்குள் நீ அதைக் கேட்டபோது நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். எழுந்து உன்னோடு வந்திருக்க வேண்டும். நானோ, அம்மாவுக்குக் கால் பிடித்துவிட்டது, றொசல்லையில் ரயில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார் என்று சொல்லிவிடு என்றேன். நீ எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டாய். போத்தலை என் பக்கத்தில் வைத்துவிட்டு ஏற்றத்தில் நடந்து போனாய். நான் சொல்லித் தந்த பொய்யை எடுத்துக்கொண்டு போனாய். உன் முதுகைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ரோடு வெறிச்சோடிய பிறகு எழுந்து வீட்டுப் பக்கம் போகலாம் என்றிருந்தேன். அப்போது சின்னச் சின்ன எட்டு வைத்து பியசேன முதலாளி வந்தார். நம்பர் துணி காற்றில் ஆடியதைப் பார்த்திருக்க வேண்டும், நின்றுவிட்டார். "மொகத டீச்சர், கால் நோவா?" என்று சிங்களமும் தமிழுமாகக் கேட்டார். ஒன்றுமில்லை, நான் வரவில்லை, நீங்கள் போங்கள் என்றேன். அவர் போகவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "என்ட பேரப் பிள்ளைகள் எல்லாம் டவுன்ல பாத்துக்கிட்டு இருக்கு. நான் தான் கடைசி. டீச்சர் வந்தா நான் கடைசி இல்ல தானே." எனக்குப் புத்தி சொல்ல அவர் நிற்கவில்லை, தம்பி. உண்மையிலேயே கடைசியாகப் போக அவருக்கு வெட்கமாக இருந்தது. என்னைப் போல இன்னொரு ஆள். அவர் ஒளியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு மறுக்க முடியவில்லை. ரோட்டில் ஏறினேன். அவர் வேகத்துக்கு அவரும் நானுமாக, நடப்பதா ஓடுவதா என்று சொல்ல முடியாத ஒரு நடையில் டவுன் வரைக்கும் வந்தோம். மழை தூறத் தொடங்கியிருந்தது. பஸ் ஸ்டாண்டு தெரிந்ததும் மனிதர் என்னை விட்டுவிட்டு நாலு எட்டு முன்னால் ஓடிப்போய் முடித்தார். நான் கடைசி.

ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பரிசெல்லாம் கொடுத்து முடிந்துவிட்டது. சனம் கலைந்துவிட்டது. ஆனால் அந்தக் கடை வாசலில் நான்கு பேரும் நின்றீர்கள். அவர்கள் போயிருப்பார்கள் என்று நம்பித்தான் வந்தேன். என்னைப் பார்த்ததும் உன் முகம் போன போக்கு எனக்கு மறக்காது. ரயிலில் போய்விட்டார் என்று நீ சொல்லி அரை மணி நேரமாவது ஆகியிருக்கும். உன் அம்மா ரோட்டில் ஓடி வந்து நிற்கிறாள். அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த மனிதரிடம் போய், ரயில் பிந்திவிட்டது, அதனால்தான் ஓடியே வந்துவிட்டேன் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அப்படியா என்று மட்டும் சொன்னார். "வாங்கோ டீச்சர், நனையாதேங்கோ" என்று குடையை என் பக்கம் சாய்த்தார். மைதிலி குனிந்து நின்றாள். நீ ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் நீ கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை. மைதிலியின் அண்ணன் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், அதனால்தான் தாமதம் என்று நீ சொன்னாய். நான் நம்பவில்லை. என்னால்தான் கெட்டது என்றே இருந்தேன். ஓடுவதையும் விட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ சப்பாத்தைப் போட்டுக்கொண்டு தனியாகப் போவாய், நான் போர்வைக்குள் விழித்துக்கொண்டு கிடப்பேன்.

போன மாதம் அவர்கள் நாள் குறிக்க வந்தார்களே, நீ சோடா வாங்கக் கடைக்குப் போயிருந்தாய். பெரியவரும் நானும் மட்டும் முன்னறையில் இருந்தோம். என்னால் பொறுக்க முடியவில்லை. அன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ரயில் என்று தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்த நேரம் றொசல்லையில நிக்கிற ரயில் ஒண்டும் இல்லை, டீச்சர். நான் அந்த லைனில எத்தினை வருசம் வேலை செய்தனான். தம்பி வந்து சொன்ன உடனயே எனக்குத் தெரியும்."

பின்னே ஏன் நின்றீர்கள் என்று கேட்டேன். "ரயில் இல்லையெண்டா நீங்கள் றோட்டாலதானே வரவேணும்" என்றார். மனைவி கால் வலிக்கிறது, போவோம் என்றாராம். ஆள் வரட்டும், ஏதாவது நடந்திருந்தால் நாம் நிற்பது நல்லது என்று இவர்தான் நிறுத்தினாராம். உன்னைப் பற்றியும் சொன்னார். பொய் சொன்னபோது உன் காது சிவந்துவிட்டதாம், தாய்க்காகத்தான் சொல்கிறான் என்று விளங்கியதாம். உன்மேல் குறை ஒன்றும் நினைக்கவில்லை என்றார். என்மேல் நினைத்தாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு வருடமாக அவர் முன்னால் நீ தலை நிமிர்ந்து பேசாமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நிமிர்ந்து பேசு. அந்த வெட்கம் உன்னுடையதில்லை. நான் உன் தலையில் ஏற்றிவைத்தது.

உனக்குப் புத்திமதி சொல்லும் தகுதி எனக்கு இந்த விஷயத்தில் இல்லை. ஆனாலும் தாய் என்பதால் ஒன்று சொல்கிறேன். மைதிலியிடம் எதையும் பூசி மெழுகாதே. லயத்தில் வளர்ந்தேன் என்பதையோ, சம்பளம் போதவில்லை என்பதையோ, அம்மா பிடிவாதக்காரி என்பதையோ. பிள்ளைகள் பிறந்தால், ஊர் என்ன சொல்லும் என்று நினைத்து அவர்களைப் படுக்கவைத்துப் போர்த்திவிடாதே. நான் உன்னைப் படிக்கவைத்தேன், சாப்பாடு போட்டேன், அதெல்லாம் உண்மைதான். ஆனால் வெட்கப்படவும் உனக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

போட்டி முடிந்து அன்று வீட்டுக்கு வந்ததும் நீ சுடுதண்ணீர் வைத்து, உப்புப் போட்டு, என் காலடியில் கொண்டுவந்து வைத்தாய். போகும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாய். "அவங்களப் பாத்து வெக்கப்பட்டீங்க, சரி. என்னையப் பாத்து ஏம்மா ஒளிஞ்சீங்க?"

நான் குனிந்து காலைத் தண்ணீருக்குள் வைத்தேன். பதில் எனக்கு அப்போதே தெரியும். அவர்களுக்கு வெட்கப்பட்டுத்தான் நான் வேகமாக ஓடினேன், அது உண்மை. ஆனால் தேயிலைக்குள் ஒளிந்தது உன்னைக் கண்டு மட்டும்தான். ஓடவேண்டிய வயதில் உன்னை ஓடவிடாமல் படுக்கவைத்தவள் நான். நீ அதை ஒரு நாளும் சொல்லிக்காட்டவில்லை. எனக்கு ஓடக் கற்றுக்கொடுத்தாய். கற்றுக்கொடுத்ததையும் நான் பாழாக்கிவிட்டு நின்றபோது, கோபம் கொஞ்சமும் இல்லாத முகத்தோடு என்னைத் தேடி வந்தாய். அந்த முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. நீ திட்டிக்கொண்டு வந்திருந்தால் ரோட்டிலேயே நின்றிருப்பேன்.

என்னை மன்னித்துக்கொள், தம்பி. அந்தக் காய்ச்சலுக்கும் அந்த ரயிலுக்கும் சேர்த்துக் கேட்கிறேன். கல்யாணத்துக்கு முந்தின வாரம் நீ வரும்போது இதைப் பற்றிப் பேசாமல் இருந்துவிடாதே. கேட்கவேண்டியது இருந்தால் கேள், கோபம் இருந்தால் கோபப்படு. நான் வாசலில்தான் இருப்பேன், எழுந்து அடுப்படிக்குப் போகமாட்டேன்.

அம்மா